பெயர் வைக்கும் முன் மூன்று பக்கமும் தேடுங்கள்

புதிதாக ராக் பேண்ட் தொடங்குகிறவர்களும் ஃபாண்ட் (எழுத்துரு) வரைகிறவர்களும் டிவி சேனல் ஆரம்பிக்கிறவர்களும் பெயருக்காகப் போவது ஒரே கிணற்றுக்குத்தான்: ஊர், கோள், வானம், இல்லாவிட்டால் சுருக்கென்று ஒரே ஒரு சொல். மூன்று பேரும் ஒரே பெயரோடு திரும்பி வருவதில் ஆச்சரியமே இல்லை. ஒரு பெயர் பிடித்துவிட்டதா, லோகோ வரையக் கொடுப்பதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கித் தேடிவிடுங்கள். லோகோ கைக்கு வந்த பிறகு பெயரை விட மனசு வராது.

பெயரை மட்டும் தேடினால் போதாது. அதோடு பேண்ட், டிவி, ஃபாண்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். சிகாகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே தேடினால் ஊர் வரும், 1967-ல் தொடங்கிய ராக் பேண்ட் வரும், கூட ஒரு சொல் சேர்த்தால்தான் 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் திரையில் வந்த, சூசன் கேர் வரைந்த அந்தத் தடித்த ஃபாண்ட் வரும். முதல் ஆல்பம் வந்தபோது அந்த பேண்டின் பெயர் சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி. அந்த ஊரில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற நிஜமான டிரான்சிட் அத்தாரிட்டி வழக்குப் போடுவோம் என்றதும் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். ஃபாண்ட் பக்கமும் ரயில்தான்: மெக் ஃபாண்டுகளுக்கு முதலில் வைத்தவை ஓவர்புரூக், மெரியன், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட் என்று ஃபிலடெல்ஃபியா புறநகர் ரயில் நிலையங்களின் பெயர்கள். ஸ்டீவ் ஜாப்ஸ்தான் உலகப் பெருநகரங்களின் பெயராக இருக்கட்டும் என்று மாற்றச் சொன்னார். என்னைக் கேட்டால் ரோஸ்மான்ட் நல்ல பெயர், இன்றைக்குத் தேடினாலும் சட்டென்று அகப்பட்டிருக்கும்.

பேண்டும் ஃபாண்டும் ஒரே பெயரில் சண்டையில்லாமல் இருக்கக் காரணம், டிரேட்மார்க் வகைவாரியாகத் தரப்படுகிறது. மொத்தம் 45 வகைகள். மென்பொருள் என்பதால் ஃபாண்ட் 9-ல் வரும், ஒளிபரப்பு 38-ல், இசை நிகழ்ச்சி போன்ற பொழுதுபோக்கு 41-ல். இந்தியாவில் டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மூன்று வகையிலும் தேடுங்கள், உச்சரிப்பு ஒற்றுமையை வைத்துத் தேடும் வசதியையும் விட்டுவிடாதீர்கள். வகை வேறு என்று ரொம்ப தைரியமாகவும் இருக்கக் கூடாது. எழுபதுகளின் கடைசியில் ஸ்கை என்று ஒரு பிரிட்டிஷ் பேண்ட் இருந்தது, 1989-ல் அதே பெயரில் டிவி வந்தது, அதில் ஒன்றும் பிரச்சினையில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட், ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்க ஸ்கைடிரைவ் என்று ஒரு சேவையைக் கொண்டுவந்தபோது ஸ்கை நிறுவனம் 2013-ல் இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஜெயித்தது, அதன் பிறகுதான் அது ஒன்டிரைவ் ஆனது.

உங்கள் துறைக்குள்ளேயே பெயர் இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். நிர்வானா என்கிற அமெரிக்க ராக் பேண்டுக்கு முன்பே அறுபதுகளில் பிரிட்டனில் ஒரு நிர்வானா இருந்தது, அவர்கள் வழக்குப் போட்டு, கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். பிளிங்க் என்று அயர்லாந்தில் ஏற்கெனவே ஒரு பேண்ட் இருந்ததால் அதே பெயர் வைத்திருந்த கலிஃபோர்னியா பேண்ட் பையன்கள் பின்னால் 182-ஐ ஒட்டவைத்துக்கொண்டார்கள். பொதுச் சொல்லாக இருந்தாலும் கஷ்டம்தான். சை-ஃபை (அறிவியல் புனைகதை) என்பதை யாரும் தனக்கென்று சொந்தம் கொண்டாட முடியாது, அதனால்தான் அதே பெயரில் இருந்த அமெரிக்க சேனல் உச்சரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு 2009-ல் ஸ்பெல்லிங்கை மட்டும் மாற்றியது.

ஃபாண்ட் செய்கிறவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது, பலரும் வழுக்குவது இங்கேதான். ஃபைலின் பெயரை மாற்றினால் ஃபாண்டின் பெயர் மாறாது. வேர்டில் நீங்கள் பார்க்கும் பெயர் ஃபைலுக்கு உள்ளே எழுதப்பட்டிருப்பது. ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையில் நான் இதில் மாட்டினேன்: வீட்டில் ஒழுங்காக இருந்த தலைப்பு, அச்சகத்தில் 'ழ'வின் வால் மடங்கி வேறு மாதிரி வந்து நின்றது. அங்கே அதே உள்பெயரில் ஒரு பழைய ஃபாண்ட் இருந்திருக்கிறது. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்கிற ஃபாண்ட் திருத்தும் மென்பொருளை வைத்திருந்தால் எலிமென்ட் மெனுவில் ஃபாண்ட் இன்ஃபோவைத் திறந்து குடும்பப் பெயர் (வேர்டில் தெரிவது), போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் (அச்சு மென்பொருள் தேடுவது) இரண்டையும் மாற்றுங்கள். குடும்பப் பெயர் 31 எழுத்துக்குள் இருக்கட்டும், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரில் இடைவெளி கூடாது. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வந்த ஃபாண்டைத் திருத்தி வெளியிடுவதானால் லைசென்ஸ் ஃபைலின் தலைப்பைப் படியுங்கள், 'ரிசர்வ்டு ஃபாண்ட் நேம்' என்று ஏதாவது பெயர் போட்டிருந்தால் அதை நீங்கள் வைக்கக் கூடாது.

அப்புறம் தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களுக்கு. விண்டோஸுக்கென்று வந்த தமிழ் ஃபாண்டுகளில் இரண்டு லதா, விஜயா. இரண்டையும் தனியாகத் தேடிப் பாருங்கள், பாடகியும் ஸ்டுடியோவும் சேனலும்தான் வரிசையில் முன்னால் நிற்கும், கூடவே எழுத்துரு என்று சேர்த்தால்தான் வேலை நடக்கும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் கேட்டமரான் ஆகி, கூகுள் ஃபாண்ட்ஸில் ஓர் அழகான தமிழ் ஃபாண்டின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது, எனக்கு அந்தப் பெயர் அவ்வளவு பிடிக்கும், ஆனால் தேடினால் முதலில் வருவது படகுகள். இதைவிடப் பெரிய சிக்கல் ஆங்கில ஸ்பெல்லிங். குறிஞ்சி என்று வைத்தால் ஒருவர் 'ஜே' போடுவார், ஒருவர் 'சி ஹெச்' போடுவார். அதனால் பெயரை மூன்று நான்கு நண்பர்களுக்குப் போனில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். என்னென்ன ஸ்பெல்லிங் வருகிறதோ அத்தனையையும் முதலிலிருந்து ஒரு சுற்று தேடுங்கள்.