கிணற்று நீச்சல்காரர்கள் ராமேஸ்வரம் கடலில் இறங்கும் முன்

தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நம்மில் பலரும் நீச்சல் கற்றது தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டி, மாமா மேலிருந்து தள்ளிவிட, ஒரு வாரத்தில் கை கால் பழகியிருக்கும். அந்தத் தைரியத்தோடு 400 கிலோமீட்டருக்கு மேல் வேனில் போய், ராமேஸ்வரத்தில் இறங்கியதும் நேரே கடலுக்கு ஓடுகிறோம். கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு வீச்சில் படியோ சுவரோ கைக்குக் கிடைத்துவிடும். கடலில் பிடிக்க ஒன்றும் இல்லை, தண்ணீரும் நின்ற இடத்தில் நிற்காது, போதாததற்கு அது காற்று ஓயாத தீவு. முதல்முறை போகிறவர்களுக்காக, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊரிலேயே ஒரு பயிற்சி

மல்லாந்து மிதக்கப் பழகுங்கள். 10 நிமிடம் சுவரைத் தொடாமல், பதறாமல் மிதக்க முடிகிறதா என்று கிணற்றிலேயே ஆள் துணையோடு பாருங்கள். முடியவில்லை என்றால் கடலில் முழங்காலுக்கு மேல் உங்களுக்கு வேலை இல்லை. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனமானது, அதனால் உடம்பு லேசாக மிதக்கும். அதை நம் திறமை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம், கவனம்.

2. துண்டை வைத்துக் காற்று பாருங்கள்

கரையில் நின்று ஒரு துண்டை உயர்த்திப் பிடியுங்கள், எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். தீவில் எப்போதும் ஒரு பக்கம் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், மறுபக்கம் கரையிலிருந்து கடலுக்குப் போகும். தனுஷ்கோடி சாலையில் போனால் இரண்டு கடலையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, அங்குள்ளவர்கள் கச்சான் என்பார்கள், அது அடிக்கும்போது தெற்கே மன்னார் வளைகுடா பக்கம் கொந்தளிக்கும். அக்டோபருக்கு மேல் வாடைக்காற்று வந்தால் வடக்குப் பக்கம் முரடாகிவிடும். ஆடி அமாவாசைக்குப் போகிறவர்கள் கச்சான் காலத்தில்தான் போகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அலை அடிக்கும் பக்கம் ஆபத்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது அமைதியான பக்கத்துக்குத்தான். சில வருஷத்துக்கு முன் அப்படி ஒரு பக்கத்தில், குளம் மாதிரி கிடக்கிறதே என்று அக்கா மகனை லாரி டியூபில் உட்காரவைத்து இடுப்பளவுத் தண்ணீரில் விட்டோம். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால் டியூப் எங்கேயோ போகிறது. மச்சான் எங்கள் ஊரில் நல்ல நீச்சல்காரர், பாய்ந்து போனார், அவர் நெருங்க நெருங்க டியூப் தள்ளிப் போனதே தவிர கைக்கு வரவில்லை. வல்லம் என்கிற சின்ன மீன்பிடிப் படகில் வந்த ஒரு மீனவர்தான் இருவரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டியூப், காற்றடைத்த மெத்தை எதுவும் கடலுக்கு வராது. பந்து போனால் போகட்டும், துரத்தவே கூடாது. மிதக்க ஏதாவது வேண்டும் என்றால் உடம்பில் இறுக்கிக் கட்டும் லைஃப் ஜாக்கெட் மட்டும் போதும்.

3. இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

இறங்கும் முன் 10 நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல், நிறம் கருத்து, நுரை கடலை நோக்கிப் போகிறதென்றால் அங்கே இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வழி அது. அமைதியாகத் தெரிவதால் குடும்பங்கள் சரியாக அந்த இடத்தில்தான் இறங்குகின்றன.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள், தோற்றுப்போவது நாம்தான். இழுப்பு உங்களைக் கடல் பக்கம் கொண்டுபோகுமே தவிர அடியில் இழுக்காது. முதலில் மிதந்து மூச்சைச் சரிப்படுத்துங்கள், அப்புறம் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்ததும் கரைக்குத் திரும்புங்கள். நீந்தத் தெம்பில்லையா, மிதந்தபடியே ஒரு கையைத் தூக்கி ஆட்டிக் கத்துங்கள்.

தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் இறங்கவே வேண்டாம். இரண்டு கடல் சேரும் இடம், போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

4. இறங்கும்போது

காலையிலேயே குளித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று கூடும். புடவை, வேட்டி, லுங்கி நனைந்தால் காலைச் சுற்றும், உடம்போடு ஒட்டிய உடைதான் நல்லது. குடித்தவரை யாராக இருந்தாலும், பெரியப்பாவாகவே இருந்தாலும், கரையிலேயே உட்காரவையுங்கள். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை இருந்தாலும் விலகிப் போய்விடும். கரையில் ஒரு கடையையோ மரத்தையோ அடையாளம் வைத்து அடிக்கடி பாருங்கள். அது பக்கத்தில் நகர்ந்துபோனது மாதிரி தெரிந்தால் நகர்ந்தது நீங்கள்தான், ஏறி நடந்து பழைய இடத்துக்கு வாருங்கள். பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் கூடாது.

5. யாராவது மூழ்கினால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். கயிறு, காலி கேன், மூங்கில், எது கிடைத்தாலும் வீசுங்கள், நீட்டுங்கள். 108க்கும் கடலோரக் காவலுக்கு 1093க்கும் உடனே அழைக்கச் சொல்லுங்கள். கரைக்குக் கொண்டுவந்ததும் நம் ஊரில் செய்வது மாதிரி தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். உயிர் காக்கும் நேரம் அதில்தான் போகிறது. மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுங்கள், அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக, ஆழமாக அழுத்தி 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் இதையே செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும்.