ஒரு வாரம், ஒரு சங்கீதம்: தியானிக்கும் முறை

வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தை நம்மில் பலர் ஒற்றை வசனங்களாகவே அறிந்திருக்கிறோம். நாள்காட்டித் தாளிலோ, சுவரில் மாட்டிய சட்டத்திலோ, கைப்பேசிக்கு வரும் காலைச் செய்தியிலோ ஒரு வரி கண்ணில் படுகிறது. மனதுக்கு இதமாக இருக்கிறது. அந்த வரிக்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன வந்தது என்று பார்க்காமலேயே நாள் கடந்துவிடுகிறது. அந்த இதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சங்கீதம் என்பது தொடக்கமும் நடுவும் முடிவும் உள்ள ஒரு ஜெபம். பயத்தில் வாய் திறந்த ஒருவர் எந்த வழியாக நடந்து நம்பிக்கைக்கு வந்து சேர்ந்தார் என்பதை அது அடியடியாகக் காட்டுகிறது. அவர் வந்து சேர்ந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டால், நம்முடைய பயத்திலிருந்து அங்கே போவதற்கான வழி நமக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே ஒரு சங்கீதத்தை முழுமையாக எடுத்து, ஒரு வாரம் அதனோடு தங்கி, அன்றாட வாழ்க்கையில் அதை ஜெபமாக்குவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாயைத் திறந்து வாசியுங்கள். "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்" என்று முதலாம் சங்கீதம் சொல்கிறது. தியானம் என்றவுடன் கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பதே நமக்கு நினைவுக்கு வருகிறது. எபிரெய மூலத்தில் அங்கே நிற்கும் 'ஹாகா' என்ற சொல்லோ வாயோடும் தொண்டையோடும் உறவுள்ளது. மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்வதை, முணுமுணுப்பதை அது குறிக்கும். ஏசாயா 31:4-ல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14-ல் புறாவின் முனகலுக்கும் இதே சொல்தான் வருகிறது. கண்ணால் மட்டும் வாசிக்கும்போது தெரிந்த வரிகளை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். உதடு அசைந்தால் வேகம் தானாகக் குறைகிறது. சொல்ல வாய் வராத வரி எது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது உதவும்.

எந்தச் சங்கீதத்தை எடுப்பது? 150 சங்கீதங்களும் ஐந்து புத்தகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன (1–41, 42–72, 73–89, 90–106, 107–150). முறையாக வரிசையில் வாசிப்பது நல்ல பழக்கம். துறவற மடத் தலைவரான பெனெடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் 150 சங்கீதங்களும் ஒரே வாரத்தில் சொல்லி முடிக்கப்பட்டன. ஆனால் தியானிக்கத் தொடங்குகிறவர்கள் 176 வசனங்கள் கொண்ட 119-ஆம் சங்கீதத்தில் இறங்கித் திணற வேண்டாம். 13, 23, 121, 130 ஆகியவை சிறியவை, ஆழமானவை. பழைய மொழிபெயர்ப்பில் நீங்கள் மனப்பாடமாக அறிந்த சங்கீதமானால், திருப்பாடல்கள் என்ற பெயரில் பொது மொழிபெயர்ப்பில் உள்ள அதே பகுதியையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பழகிய காதுக்கு மற்றொரு சொல்லாட்சி விழிப்பைத் தரும்.

தலைப்பைத் தாண்டிப் போகாதீர்கள். சங்கீதங்களுக்கு மேல் சிறிய எழுத்தில் நிற்கும் வரிகளை நாம் பெரும்பாலும் வாசிப்பதே இல்லை. 73 சங்கீதங்கள் தாவீது அரசனின் பெயரையும், 12 சங்கீதங்கள் அவர் காலத்துப் பாடகரான ஆசாபின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. 90-ஆம் சங்கீதம் மோசேயின் ஜெபம் என்கிறது. 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்களும் ஆரோகண சங்கீதம், அதாவது ஏறிச் செல்லும் பாடல், என்ற பெயர் கொண்டவை. இவற்றுள் என்னை அதிகமாக நிறுத்தி வைத்தது 51-இன் தலைப்பு. பிறன் மனைவியான பத்சேபாளோடு தாவீது பாவம் செய்த பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து அவரைக் கண்டித்தபோது பாடப்பட்டது என்று சொல்லி, அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்றும் அந்தத் தலைப்பு சொல்கிறது. ஓர் அரசனின் வெட்கம் சபை முழுவதும் பாடுவதற்காகப் பாடகர் தலைவன் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது! "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற வேண்டுதலை நாம் நம்முடையதாகச் சொல்ல முடிவதற்கு அந்த ஒப்புவிப்பே காரணம். அங்கே 'சிருஷ்டியும்' என்று கேட்கும் எபிரெயச் சொல், ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார் என்ற இடத்தில் வரும் அதே சொல். உள்ளதைப் பழுதுபார்த்துத் தரும்படி அவர் கேட்கவில்லை.

இனி வரிகளின் அமைப்பு. எபிரெயக் கவிதை ஒரு கருத்தைச் சொல்லி, அதையே அடுத்த அடியில் வேறு சொற்களில் தொடரும். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது" என்பது 19-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். இரண்டாம் அடியை வெறும் திரும்பச் சொல்லலாகத் தள்ளிவிடாமல், அது எதைக் கூட்டியது என்று கேளுங்கள். மகிமை என்ற பெரிய சொல் அடுத்த அடியில் கைவேலையாக இறங்கி வந்திருக்கிறது. இப்படி ஒவ்வொரு வசனத்திலும் இரண்டு அடிகளுக்கு இடையே ஒரு மூச்சு விட்டு வாசித்தாலே தியானத்தில் பாதி நடந்துவிடும். சங்கீதங்களில் 71 இடங்களில் வரும் 'சேலா' என்ற சொல்லின் பொருளை அறிஞர்கள் பலவாறு சொல்கிறார்கள்; நான் அதை நிற்க வேண்டிய இடமாக எடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

யார் யாரிடம் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பரைப் பற்றிய முதல் மூன்று வசனங்களும் படர்க்கையில் இருக்கின்றன: அவர் மேய்க்கிறார், அவர் கொண்டுபோய்விடுகிறார், அவர் தேற்றுகிறார், நடத்துகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது, அந்த இடத்திலேயே பேச்சு திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்வெளியில் நடக்கும்போது அவரைப் பற்றிப் பேசியவர், இருளுக்குள் போனதும் அவரிடமே பேசுகிறார். சிறுவயதிலிருந்து நூற்றுக்கணக்கான முறை இந்தச் சங்கீதத்தைச் சொல்லியிருந்தும், பிரதிப்பெயர்களின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வாசித்த அன்றுதான் இது என் கண்ணில் பட்டது. நீங்களும் ஒரு தாளில் சங்கீதத்தை எழுதி, 'நான்', 'நீர்', 'அவர்', 'அவர்கள்' என்ற சொற்களை மட்டும் அடையாளமிட்டுப் பாருங்கள். பேச்சு எங்கே திரும்புகிறதோ அங்கே சற்று நேரம் தங்குங்கள்.

பதின்மூன்றாம் சங்கீதத்தில் ஒரு வாரம்

முறையைச் சொல்வதைவிட ஒரு சங்கீதத்தைக் கையில் எடுத்துக் காட்டுவது மேல். ஆறே வசனங்கள் கொண்ட 13-ஐ எடுத்துக்கொள்கிறேன். என் தாயார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஓர் இரவில், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து 23-ஐச் சொல்ல முயன்றேன். முதல் வரியே வாயில் நிற்கவில்லை. அப்போது என்னால் சொல்ல முடிந்தது இந்தச் சங்கீதம்தான்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று அது தொடங்குகிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' நான்கு முறை வருகிறது. அந்த நான்கையும் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டும் தேவனைப் பற்றியவை: மறந்தீர், மறைத்தீர். மூன்றாவது தன்னைப் பற்றியது: "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்?" தூக்கமில்லாத இரவில் ஒரே யோசனையைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களுக்கு இந்த வரியை விளக்கத் தேவையில்லை. நான்காவது சத்துருவைப் பற்றியது. ஆக, ஒரு மனிதரின் துன்பம் மூன்று பக்கமிருந்தும் வருகிறது. மூன்றையும் அவர் பெயர் சொல்லி வைக்கிறார். வாரத்தின் முதல் இரண்டு நாட்களில் இந்த இரண்டு வசனங்களோடு மட்டும் இருங்கள். உங்கள் பாரம் இந்த மூன்றில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு, ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "குடும்பப் பிரச்சினை" என்று பொதுவாக எழுதாமல், "இன்று காலை அவன் என்னிடம் பேசாமல் போனான்" என்பதுபோல் நடந்ததை எழுதுங்கள். பொதுவான சொற்களுக்குள் நாம் ஒளிந்துகொள்வோம்.

அடுத்த இரண்டு நாட்களுக்கு மூன்றாம் நான்காம் வசனங்கள். கேள்விகள் நின்று விண்ணப்பம் தொடங்குகிறது: "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்; ... என் கண்களைத் தெளிவாக்கும்." முகத்தை மறைத்தீர் என்று முறையிட்டவர், நோக்கிப்பாரும் என்று கேட்கிறார், கேட்ட வேண்டுதல் முறையீட்டுக்கு நேர் பதிலாக அமைந்திருக்கிறது. நம்முடைய ஜெபங்களில் முறையீடு ஒரு பக்கமும் விண்ணப்பம் இன்னொரு பக்கமும் போவதுண்டு. நீங்கள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பார்த்து, அதற்கு நேராக நிற்கும் ஒரே விண்ணப்பத்தை எழுதிக்கொள்ளுங்கள். அவர் இங்கே "என் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைப்பதையும் பாருங்கள். மறந்துவிட்டீர் என்று சொன்ன அதே வாய், 'என்' என்ற சொல்லை விடவில்லை.

பிறகு ஐந்தாம் வசனம்: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் இதற்கும் இடையில் என்ன நடந்தது? சத்துரு போய்விட்டதாகச் சங்கீதத்தில் இல்லை. நோய் தீர்ந்ததாக, பதில் வந்ததாக இல்லை. எபிரெயத்தில் இந்த வசனம் 'நானோ' என்ற அழுத்தத்தோடு தொடங்குகிறது. 'அவனை மேற்கொண்டேன்' என்று சத்துரு சொல்லட்டும், நானோ உம்மை நம்பினேன் என்ற திருப்பம் அது. மாறியது சூழ்நிலை அல்ல, அவர் பார்வை நின்ற இடம். ஆறாம் வசனம் "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. வார இறுதியில் இந்த வசனத்துக்கு வந்து, தேவன் உங்களுக்குச் செய்த ஒரு நன்மையை, நாளும் இடமும் நினைவில் இருக்கும் ஒன்றை, எழுதுங்கள். இந்தத் திருப்பத்துக்கு அவசரப்படாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். முதல் நாளிலேயே ஆறாம் வசனத்துக்கு ஓடுகிறவர்கள் உதட்டால் பாடுவார்கள், உள்ளே 'எதுவரைக்கும்' என்ற கேள்வி சொல்லப்படாமலே கிடக்கும். அந்த இரவில் நானும் ஐந்தாம் வசனத்துக்குப் போகவில்லை. பல நாட்கள் கழித்துத்தான் போக முடிந்தது.

திரும்பாத சங்கீதங்களும் கடினமானவையும்

எல்லாச் சங்கீதமும் 13-ஐப்போல் திரும்புவதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. சிநேகிதனும் தோழனும் தூரமாகிவிட்டார்கள் என்பதே அதன் கடைசிச் சொல். அதை வாசித்துவிட்டு, நாமாக ஒரு நம்பிக்கை வசனத்தை ஒட்டவைக்க வேண்டியதில்லை. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அது தொடங்குவதை மட்டும் கவனியுங்கள். வெளிச்சம் தெரியாதபோதும் பேச்சு தேவனை நோக்கியே இருக்கிறது, வேதம் அதையும் ஜெபமாகவே வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இந்தச் சங்கீதத்தை வாசித்துக் காட்டுவது, ஆறுதல் வசனம் ஒன்றைச் சொல்லி எழுந்துபோவதைவிட அன்பான செயல் என்று நினைக்கிறேன்.

109, 137 போன்றவற்றில் பழிவாங்கும் வேண்டுதல்கள் வருகின்றன. சத்துருவின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிப்பதைப் பற்றிப் பேசும் 137-இன் கடைசி வசனத்தை எந்த இருதயமும் எளிதாக வாசிக்க முடியாது. அவற்றை நம் விருப்பத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது, இல்லாததுபோல் தாண்டவும் கூடாது. அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் தங்கள் கோபத்தைக் கையில் எடுக்காமல் தேவனுடைய சந்நிதியில் கொட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே தெரிகிறது. உங்கள் கோபத்தையும் அங்கே சொல்லலாம். சொன்ன பிறகு தீர்ப்பை அவரிடம் விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

சில நாட்களில் உங்கள் மனநிலையும் கையிலுள்ள சங்கீதமும் பொருந்தாது. நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் புலம்பல் வரும். அப்போது அந்தப் புலம்பல் இன்று யாருடைய வாயில் இருக்கும் என்று யோசித்து, அவருக்காக அதைச் சொல்லுங்கள். இயேசு சிலுவையில் சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று அவர் முடித்தது 31:5. சிறுவயதிலிருந்தே வாயில் பழகியிருந்த சொற்கள் அந்த நேரத்தில் அவருக்கு வந்து நின்றன. பொருந்தாத நாளிலும் சங்கீதத்தை வாசித்து வைப்பதன் பயன் இதில் விளங்கும்.

நாளோடு சேர்த்துக் கட்டுதல்

தியானம் நாற்காலியோடு நின்றுவிடாமல் இருக்க, ஒரு வசனத்தை அன்றைய ஒரு செயலோடு இணையுங்கள். 15-ஆம் சங்கீதம் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனை விவரிக்கும்போது, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்கிறது. அதை வாசித்த நாளில், கொடுத்த வாக்கு ஏதாவது நிறைவேற்றாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். திருப்பித் தருவதாகச் சொன்ன கடனோ, வந்து பார்ப்பதாகச் சொன்ன நோயாளியோ நினைவுக்கு வந்தால், அன்றைக்கே அதைச் செய்வதுதான் அந்த வசனத்துக்கான தியானம்.

நேரத்தைப் பொறுத்தவரை, சங்கீதங்களே நமக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன. மூன்றாம் சங்கீதம் விழிப்பின் சங்கீதம்: "நான் படுத்து நித்திரைசெய்தேன், விழித்துக்கொண்டேன், கர்த்தர் என்னைத் தாங்குகிறார்." நான்காம் சங்கீதம் படுக்கைக்குரியது. காலையில் பத்து நிமிடம் அந்த வாரத்துச் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள். பகலில் அதில் ஒரே ஒரு அடியை நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் முணுமுணுங்கள். இரவில் விளக்கை அணைப்பதற்கு முன், காலையில் சொல்ல வாய் வராத அந்த வரியை மறுபடியும் சொல்லிப் பாருங்கள். இன்றும் வரவில்லையென்றால் அதை நாளைக்கு விட்டுவிட்டு, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற 4:8-ஐச் சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள்.