"எனக்கு ஐஎன்எஃப்பி வந்திருக்கு, நான் என்ன படிக்கலாம்?": ஆளுமைத் தேர்வை நம்பிப் படிப்பை முடிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் முடியும் வரை உள்ள அந்தச் சில வாரங்களில் நிறைய பிள்ளைகள் இணையத்தில் ஏதாவதொரு ஆளுமைத் தேர்வை எழுதிப் பார்க்கிறார்கள். சில நிமிடங்கள் பதில்களைத் தட்டினால் ஐஎன்எஃப்பி, இஎஸ்டிஜே என்று நான்கு எழுத்து வருகிறது, அதற்குக் கீழே உங்களுக்கு ஏற்ற வேலைகள் என்று ஒரு பட்டியலும் வருகிறது. வீட்டில் அப்பா ஒன்று சொல்ல, சித்தப்பா இன்னொன்று சொல்ல, யாரும் நம்மைக் கேட்கவில்லையே என்று இருக்கும்போது, நம்மைப் பற்றி மட்டும் பேசும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. தேர்வு எழுதுவதில் ஒரு தப்பும் இல்லை. அந்த நான்கு எழுத்தை வைத்து நான்கு வருடப் படிப்பை முடிவு செய்யும்போதுதான் சிக்கல்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அதை வைத்துக் கதவுகளைச் சாத்துவது. "நான் இன்ட்ரோவர்ட் (கூட்டத்தைவிடத் தனிமையை விரும்பும் ஆள்), சட்டம் எனக்குச் சரிவராது." "எனக்கு எஃப் (ஃபீலிங், அதாவது உணர்வை வைத்து முடிவெடுப்பவர்) வந்திருக்கு, அப்போ இன்ஜினியரிங் வேண்டாம்." இப்படிப் பேசும் பிள்ளைகளைப் பார்த்தால் உண்மையாகவே மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் ஒரு படிப்பு என்பது ஒரு வேலை கிடையாது. சட்டம் படித்தவர்கள் எல்லோரும் கோர்ட்டில் நின்று வாதாடிக்கொண்டிருப்பதில்லை; பழைய பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் வரிவரியாகப் படித்து, இந்தச் சொத்தை வாங்கலாமா என்று லீகல் ஒப்பீனியன் எழுதுவதே முழுநேர வேலையாக உள்ள வக்கீல்கள் எத்தனையோ பேர். டாக்டர் என்றால் காலையிலிருந்து ஓபியில் கூட்டத்தோடு பேசுபவரும் டாக்டர், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் திசுக்களைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும் பேத்தாலஜிஸ்டும் டாக்டர். சிவில் படித்த இருவரில் ஒருவர் சைட்டில் மேஸ்திரியோடும் கம்பி கட்டுபவரோடும் கத்திப் பேசி வேலை வாங்குவார், இன்னொருவர் ஏசி அறையில் ஸ்ட்ரக்சுரல் டிசைன் போட்டுக்கொண்டிருப்பார்.

மறுபக்கமும் இதே கதைதான். யாரிடமும் பேச வேண்டாம், கம்ப்யூட்டரோடு இருந்துவிடலாம் என்று நினைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்கள், ஐடி வேலைக்குப் போனதும் தினமும் காலையில் ஸ்டாண்ட்அப் மீட்டிங், தாங்கள் எழுதிய புரோகிராமை நாலு பேர் பார்த்துக் கேள்வி கேட்கும் ரிவ்யூ, ராத்திரி எட்டு மணிக்குக் கிளையன்ட் கால் என்று வரும்போது திகைத்துப்போகிறார்கள். சேல்ஸ் என்றாலே வாய் ஓயாமல் பேசுபவர்களுக்கு உரியது என்ற நம்பிக்கைக்கும் இதே நிலைதான். ஆடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் போனில் விற்பனை செய்யும் 340 பேரை வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அதிக வருமானம் கொண்டுவந்தவர்கள் இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ரோவர்ட் (கலகலப்பாகப் பழகுபவர்) இரண்டுக்கும் நடுவில் உள்ளவர்கள்.

சரி, அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன? அவை எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இன்டிகேட்டர்) எனப்படும் தேர்விலிருந்து வந்தவை. அதை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற அவருடைய மகளும். 1921-இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்தைப் படித்து, அதன் அடிப்படையில் இரண்டாம் உலகப் போர் காலத்தில் கேள்விகளைத் தயாரித்தார்கள். இருவருமே உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் இல்லை. அதற்காக முழுக்க ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் அதன் அமைப்பிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. 165 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே உள்ளவர்கள் உயரம், கீழே உள்ளவர்கள் குள்ளம் என்று பிரித்தால் 164-ம் 166-ம் வேறு வேறு இனமாகிவிடும், 166-ம் 185-ம் ஒரே இனமாகிவிடும். இந்தத் தேர்வு குணத்தில் செய்வதும் அதுதான். பெரும்பாலானவர்கள் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், ஐந்து வாரம் கழித்து மறுபடி எழுதினால் பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறிவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ரிசல்ட் வந்ததும் எழுத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் சதவீதம் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். 53 சதவீதம் இன்ட்ரோவர்ட் என்று இருந்தால், அந்த ஐ என்ற எழுத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. இன்னொன்று, வேலைக்கு ஆளெடுக்க இந்தத் தேர்வைப் பயன்படுத்தக்கூடாது என்று எம்பிடிஐ-யை நடத்துபவர்களே சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் மொபைலில் இலவசமாக எழுதுவது பெரும்பாலும் அந்த அசல் தேர்வுகூட இல்லை, அதே எழுத்துகளைப் பயன்படுத்தும் வேறு தேர்வு.

"ஆனா எனக்கு அப்படியே பொருந்துதே" என்று கேட்பீர்கள். பொருந்தத்தான் செய்யும். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார், சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே விளக்கம், பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ஆகவே விளக்கம் மனசைத் தொட்டது என்பது தேர்வு சரி என்பதற்கு ஆதாரமாகாது. வேண்டுமானால் உங்களுக்கு நேரெதிரான வகையின் விளக்கத்தையும் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், அதிலும் பாதி பொருந்தும்.

எழுதும் நேரமும் வயதும் ரொம்ப முக்கியம், இதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. "புதியவர்களிடம் நீங்களே போய்ப் பேசுவீர்களா?" என்று தேர்வு கேட்கிறது. இரண்டு வருடம் ஸ்கூல், ட்யூஷன், ஸ்பெஷல் கிளாஸ், ரிவிஷன் டெஸ்ட் என்று ஓடிய பதினேழு வயதுப் பிள்ளை புதியவர்களை எங்கே சந்தித்தது? இல்லை என்று தட்டும். அது குணமா, வாய்ப்பில்லாமல் போனதா என்று தேர்வுக்குத் தெரியாது. பல வருடங்கள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த 92 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளிவந்த ஒரு அலசல், பொறுப்புணர்வும் மனநிதானமும் குறிப்பாக இருபது வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் கூடுகின்றன என்று காட்டியது. அதாவது கல்லூரியிலும் முதல் வேலையிலும் மாறப்போகும் ஒரு ஆளைப் பற்றி, மாறுவதற்கு முன்பே முடிவு எழுதுகிறோம்.

அப்புறம், குணம், விருப்பம், திறமை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. அமைதியானவர் என்பது குணம். மெஷினைக் கழற்றிப் பார்க்கப் பிடிக்கும் என்பது விருப்பம். கணக்கு வரும் என்பது திறமை. படிப்பைத் தேர்ந்தெடுக்க நடுவில் உள்ள விருப்பம்தான் அதிகம் உதவும். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த ஆறு வகை விருப்பங்கள் (கைவேலை, ஆராய்ச்சி, கலை, மற்றவர்களுக்கு உதவுவது, ஆட்களை நடத்துவது, ஒழுங்குபடுத்துவது) இதற்காகவே உருவானவை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் இந்த விருப்பங்களை அளக்கும் தேர்வின் 60 கேள்விகள் கொண்ட இலவச வடிவம் இருக்கிறது. கடைசியில் வரும் வேலைப் பட்டியல் அமெரிக்காவுக்கானது, அதை விட்டுவிட்டு எந்த இரண்டு மூன்று விருப்பங்கள் மேலே வருகின்றன என்று மட்டும் பார்த்தால் போதும்.

இதே வரிசையில் கைரேகை வைத்துத் திறமை சொல்லும் டிஎம்ஐடி என்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பத்து விரலையும் ஸ்கேன் செய்து, உங்கள் மகனுக்கு இசை அறிவு இத்தனை சதவீதம், அவன் இந்தத் துறைக்குப் போகலாம் என்று கலர் கலராக ரிப்போர்ட் கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே அமைந்துவிடுகிறது. அதற்கும் தொழில் திறமைக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பள்ளியே ஏற்பாடு செய்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் இந்தத் தவறுகளுக்கு விலை அதிகம், காரணம் பத்தாவது முடித்ததும் குரூப் எடுத்தாக வேண்டும். இன்ஜினியரிங் கட்ஆஃப் 200-இல் கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. "கிரியேட்டிவ் டைப்" என்று வந்ததை நம்பிப் பதினைந்து வயதில் கணக்கை விட்டவருக்கு, பதினெட்டில் ஆசை மாறினால் திரும்பிவரும் வழி ரொம்பக் குறுகல். முடிவு தெரியாதபோது, கணக்கு ஓரளவு வருமென்றால், அதிகக் கதவுகள் திறந்திருக்கும் குரூப்பை எடுங்கள்.

ஏற்கெனவே இரண்டாம் வருடத்தில் இருந்துகொண்டு, தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு "நான் தப்பான டிபார்ட்மென்டில் இருக்கேன்" என்று பதறுபவர்களும் உண்டு. பாடம் பிடிக்கவில்லையா, கல்லூரி பிடிக்கவில்லையா, ஹாஸ்டல் பிடிக்கவில்லையா, இரண்டு அரியர் விழுந்த பயமா என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். இந்த நான்கில் முதலாவதற்கு மட்டுமே படிப்பை மாற்றுவது மருந்து.

தேர்வு முடிவை எப்படித்தான் பயன்படுத்துவது? அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். "தனியாக வேலை செய்யப் பிடிக்கும்" என்று வந்தால், நான் யோசிக்கும் துறையில் தனியாகச் செய்யும் வேலைகள் என்னென்ன என்று தேடலாம். அந்தப் படிப்பின் சிலபஸைப் பல்கலைக்கழகத் தளத்தில் எடுத்து, மூன்றாவது செமஸ்டரில் என்ன பாடம் இருக்கிறது என்று பார்த்து, அதே பாடத்துக்கு ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகள் உள்ள என்பிடிஇஎல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வீடியோவில் இரண்டு வகுப்பு கேளுங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. மூன்றாவதையும் கேட்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அந்தத் துறையில் மூன்று நாலு வருடமாக வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ ஒருவரைப் பிடியுங்கள், சொந்தத்தில் இல்லையென்றால் உங்கள் பள்ளியின் பழைய மாணவர்களில் இருப்பார்கள். "இந்த ஃபீல்டு எப்படி இருக்கு?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்பார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்பார்கள். "நேத்து காலையில ஆபீஸ் போனதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள்.