உலை பிளோயர் சக்கரம் துருவில் இறுகினால் செய்யக்கூடாதவை

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறையில், உலைக்குக் காற்று ஊதும் பிளோயரின் மோட்டார் புகைந்துவிட்டால், புது மோட்டார் மாட்ட அரை மணி நேரம் போதும். பழைய மோட்டாரின் ஷாப்டிலிருந்து, அதாவது சுழலும் தண்டிலிருந்து, காற்றுச் சக்கரத்தைக் கழற்றத்தான் ஒரு நாள் போய்விடும். கொலுசு வெளுக்க வைத்திருக்கும் ஆசிட்டின் ஆவி இரும்பைச் சும்மா விடாது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஷாப்டுக்கும், அது நுழையும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது புகுந்தால் ஆப்பு அடித்த மாதிரிதான்.

உடனே கை சுத்தியலுக்குப் போகும். நானும் அப்படிச் செய்தவன்தான். ஷாப்டின் நுனியில் நாலு அடி போட்டேன். நுனி காளான் குடைபோல விரிந்துகொண்டது. அதுவரை துரு மட்டும்தான் தடை, அப்புறம் அந்தக் குடையும் தடை.

எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று யோசிக்காமல் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மோட்டார் குப்பைக்குத்தான் போகிறதென்றால் ஷாப்டின் மேல் என்ன பாசம்? மோட்டாருக்கும் ஹப்புக்கும் நடுவே ஹேக்சா பிளேடு நுழைந்தால் அறுத்துவிடுங்கள். சக்கரத்தைத் தனியே எடுத்து, ஹப்புக்கு அடியில் முட்டுக் கொடுத்து, துண்டு ஷாப்டைப் பஞ்ச் வைத்துத் தட்டி வெளியேற்றலாம். ரீவைண்டிங் செய்து, அதாவது கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி, அதே மோட்டாரை ஓட்டுவதாக இருந்தால் கதை வேறு. அப்போது ஷாப்டும் பேரிங்கும் பத்திரம், ஹப்பைக் கவ்வி இழுக்கும் கருவியான புல்லர்தான் வழி.

அடுத்தது, ஹப்பை ஷாப்டோடு இறுக்கும் தலையில்லாத கிரப் ஸ்குரூ. அதன் குழியில் அடைந்திருக்கும் கரியையும் துருவையும் ஊசியால் தோண்டாமல் ஆலன் கீயை (ஆறு பட்டைச் சாவியை) வைத்தால் அது பாதிதான் இறங்கும், திருகினால் குழி வட்டமாகிவிடும். இஞ்ச் அளவு ஸ்குரூவில் மில்லிமீட்டர் கீயைப் போடுவதும் இதே கதிதான். 1/8 இஞ்ச் என்பது 3.175 மி.மீ.; 3 மி.மீ. கீ அதில் ஆடும். ஒரு ஸ்குரூவைக் கழற்றிவிட்டு இழு இழு என்று இழுப்பவர்களும் உண்டு. பக்கவாட்டில் இன்னொன்று இருக்கலாம், கழற்றிய ஸ்குரூவுக்கு அடியிலேயே ஒன்று ஒளிந்திருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஹப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாப்டை எமரி தாளால் பளபளவென்று தேய்த்த பிறகே இழுக்க வேண்டும். அந்தச் சொரசொரப்பின் மேல்தானே ஹப் நகர்ந்து வர வேண்டும்? இதைச் செய்தாலே பாதிச் சண்டை தீரும், ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

துருவை இளக்க எண்ணெயோ மண்ணெண்ணெயோ விட்ட ஐந்தாவது நிமிடமே இழுக்கக் கூடாது. இரவு முழுக்க ஊறட்டும். இடையிடையே ஹப்பை லேசாகத் தட்டினால் அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். மண்ணெண்ணெய் ஊறிய இடத்தில் கியாஸ் டார்ச்சைக் காட்டுவது தற்கொலைக்குச் சமம். சூடுதான் வேண்டுமென்றால் எண்ணெயை முழுதும் துடைத்துவிட்டு ஹப்பை மட்டும் சூடாக்குங்கள். அலுமினிய ஹப் என்றால் எஃகு ஷாப்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் சீக்கிரம் இளகும். பிளாஸ்டிக் சக்கரத்துக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

சக்கரத்தின் இதழ்களில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள். ஓர் இதழ் வளைந்தாலும் பேலன்ஸ் போய், புது மோட்டாரின் பேரிங் சீக்கிரமே சத்தம் போடும்.

சரி, கழன்றுவிட்டது. மாட்டும்போது ஷாப்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஷாப்டின் தட்டையான பக்கத்தில் ஸ்குரூவை உட்கார வையுங்கள். சுற்றும் திசையையும் பாருங்கள். இந்த வகை பிளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், ஆனால் வலு இருக்காது. வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும். அந்தக் காற்றில் கரி சிவக்கும், வெள்ளி உருகாது. புது மோட்டார் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், மோட்டாரில் சுற்றும் திசையை மாற்றும் வயர் இணைப்பு இருந்தால், அதை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.