மாஸ் எஃபெக்ட் 2: கடைசி மிஷனில் நம் ஆட்களைப் பறிகொடுக்க வைக்கும் தவறுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இதில் வருகின்றன. எதுவும் தெரியாமல் ஆட விரும்புகிறவர்கள் ஆடி முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.

முதல் தடவை நான் மாஸ் எஃபெக்ட் 2 என்ற விண்வெளி வீடியோ கேமை முடித்தபோது, நார்மண்டி கப்பலின் சரக்கு அறையில் ஒரு சவப்பெட்டி இருந்தது. என் குழுவில் இருந்த விஞ்ஞானி மோர்டின் சோலஸ் செத்துப்போயிருந்தார். சண்டையில் நான் எங்கும் தோற்கவில்லை. கடைசிக் கதவுக்கு முன்னால் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டபோது, பலசாலிகள் என்று கேரஸையும் கிரண்டையும் தேர்ந்தெடுத்தேன். மற்றவர்கள் பின்னால் நின்று வாசலைக் காத்தார்கள். அந்தக் காவலில்தான் மோர்டின் போனார். எதனால் போனார் என்று புரிய எனக்கு இரண்டாவது தடவை ஆட வேண்டியிருந்தது.

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய மாஸ் எஃபெக்ட் வரிசையின் முதல் பாகம் 2007-இலும், இரண்டாவது 2010-இலும், மூன்றாவது 2012-இலும் வந்தன. மூன்றையும் சேர்த்துப் புதுப்பித்த லெஜண்டரி எடிஷன் 2021-இல் வந்தது. ஒரு பாகத்தில் எடுத்த முடிவு அடுத்த பாகத்துக்கும் கூடவே வருவதுதான் இந்த வரிசையின் தனித்தன்மை. இரண்டாம் பாகத்தின் கடைசி மிஷனை எல்லோரும் சூசைட் மிஷன் என்றுதான் சொல்கிறார்கள். மனிதக் குடியிருப்புகளில் இருப்பவர்களைக் கடத்திக்கொண்டு போகும் கலெக்டர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைத் தேடி, இதுவரை போனவர்கள் யாரும் திரும்பி வராத ஒமேகா-4 ரிலே என்ற விண்வெளி வாசல் வழியாக, நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் தன் ஆட்களோடு போக வேண்டும். கூட வரும் ஒவ்வொருவரும் சாகலாம். கவனமாக இருந்தால் ஒருவர்கூடச் சாகாமலும் திரும்பலாம். குறி பார்த்துச் சுடும் திறமை இதில் பெரிதாக உதவாது. கூட இருப்பவர்கள் யார், எதில் தேறியவர்கள் என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்றுதான் அந்த மிஷன் சோதிக்கிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

நேராக இரண்டில் ஆரம்பிப்பது

முதல் பாகம் பழசாகத் தெரிகிறது என்று பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். முதல் பாகத்தில் சேமித்து வைத்த ஆட்டம் (சேவ்) இல்லாமல் இரண்டைத் தொடங்கினால், முன்கதையை கேமே முடிவு செய்துகொள்கிறது. அந்த முடிவுகள் கொடூரமானவை. முதல் பாகத்தில் நம் கூட வரும் ரெக்ஸ் செத்துவிட்டதாகவும், ராக்னி என்ற பூச்சி இனத்தின் அரசியைக் கொன்றுவிட்டதாகவும், விண்மீன் மண்டலத்தை நிர்வகிக்கும் பழைய கவுன்சில் அழிந்துவிட்டதாகவும் எடுத்துக்கொள்ளும். முதல் பாகத்தை ஆட நேரமே இல்லை என்றால், லெஜண்டரி எடிஷனில் இருக்கும் ஜெனிசிஸ் என்ற படக்கதையை ஆரம்பத்தில் தேர்ந்தெடுங்கள். முக்கியமான முடிவுகளை அதில் நீங்களே எடுக்கலாம்.

ஆனாலும் முதல் பாகத்தை ஆடிவிடுங்கள் என்றுதான் சொல்வேன், ரெக்ஸுக்காகவே. விர்மயர் கிரகத்தில் அவர் துப்பாக்கியோடு உங்கள் எதிரே நிற்பார். தன் இனத்தை அழித்துக்கொண்டிருக்கும் ஜெனோஃபேஜ் என்ற நோய்க்கு அங்கே மருந்து இருக்கிறது, நீங்களோ அந்த இடத்தையே தகர்க்கப் போகிறீர்கள். பேசிச் சமாளிக்கும் திறன் போதுமான அளவு இல்லையென்றால் அவர் சாகும் நிலை வந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே கப்பலில் அவரோடு அடிக்கடி பேசி, அவருடைய குடும்பக் கவசத்தைத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தால், அந்தத் திறன் இல்லாமலேயே அவரைச் சமாதானப்படுத்தலாம். இந்த வரிசை எதை மதிக்கிறது என்பதை முதல் பாகத்திலேயே இப்படிக் காட்டிவிடுகிறார்கள்.

கப்பலுக்குள் நடக்காமல் இருப்பது

ஒரு மிஷன் முடிந்ததும் அடுத்த மிஷனுக்கு ஓடுவது நம் பழக்கம். இங்கே ஒவ்வொரு மிஷனுக்கும் நடுவில் கப்பலின் எல்லாத் தளங்களுக்கும் போய் எல்லோரோடும் பேச வேண்டும். பேசினால்தான் அவர்களுடைய லாயல்டி மிஷன்கள், அதாவது அவர்களின் விசுவாசத்தைச் சம்பாதிக்கும் மிஷன்கள், திறக்கும். கப்பலைக் காப்பாற்றும் மூன்று மேம்பாடுகளும் பேச்சிலிருந்துதான் வருகின்றன. ஆயுதக் கிடங்கில் இருக்கும் ஜேக்கப் கனமான கவசம் போடச் சொல்வார். இன்ஜின் அறையில் இருக்கும் டாலி கேடயத்தைப் பலப்படுத்தச் சொல்வாள். பீரங்கியையே கட்டிக்கொண்டு கிடக்கும் கேரஸ் தானிக்ஸ் பீரங்கியைப் பற்றிச் சொல்வார். யாருக்கு எது தெரியுமோ அதைச் சொல்கிறார்கள், நாம் போய் நின்று கேட்டால் போதும்.

இந்த மூன்றில் எதை விட்டாலும், ரிலேயைத் தாண்டியதும் நடக்கும் விண்வெளிச் சண்டையிலேயே, தரையிறங்கும் முன்பே, விட்ட ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பலியாவார். கவசம் இல்லையென்றால் ஜாக் சாவாள். கேடயமோ பீரங்கியோ இல்லையென்றால் வேறொருவர். மேம்பாடுகளுக்குத் தேவையான கனிமங்களைக் கிரகம் கிரகமாக ஸ்கேன் செய்து எடுப்பது சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. கேமில் எனக்கும் பிடிக்காத பகுதி அதுதான். இருந்தாலும் பிளாட்டினமும் பல்லேடியமும் நிறைய இருக்கும் கிரகங்களைத் தேடிப் பிடித்து முதலில் இந்த மூன்றையும் செய்துவிட்டு, மிச்சத்தைத் துப்பாக்கிகளுக்குச் செலவழியுங்கள்.

ஐஎஃப்எஃப்-ஐ அவசரமாக எடுப்பது

ரீப்பர் என்ற எதிரி இயந்திர இனத்தின் கைவிடப்பட்ட கப்பலிலிருந்து, ரிலேயைத் தாண்டத் தேவைப்படும் ஐஎஃப்எஃப் கருவியை எடுத்த நிமிடத்திலிருந்து ஒரு மறைவான கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அதற்கப்புறம் சில மிஷன்களுக்கு மேல் போக முடியாது. கலெக்டர்கள் நார்மண்டிக்குள் புகுந்து ஊழியர்கள் அத்தனை பேரையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் காட்சியில் நீங்கள் ஷெப்பர்ட் இல்லை, எலும்பு நோவுள்ள விமானி ஜோக்கர். நொண்டி நொண்டிக் கப்பலுக்குள் நடக்க வேண்டும், சுடக்கூட முடியாது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

கடத்தலுக்கு அப்புறம் உடனே ரிலே வழியாகப் போனால் ஊழியர்கள் எல்லோரையும் காப்பாற்றலாம். நடுவில் ஒன்றிரண்டு மிஷன் செய்தாலே பாதிப் பேர் போய்விடுவார்கள். அதற்கும் மேல் தாமதித்தால் டாக்டர் சக்வாஸ் ஒருவர்தான் மிஞ்சுவார். தினமும் உங்களுக்குச் செய்தி சொன்ன கெல்லி உங்கள் கண் முன்னாலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் கரைந்துபோவதைப் பார்க்க நேரும். கேம்களில் "உடனே வா" என்று சொல்வதை யாரும் நம்புவதில்லை. மற்ற கேம்களில் உலகமே நமக்காகக் காத்திருக்கும். இங்கே காத்திருக்காது.

ஆகவே எல்லோருடைய லாயல்டி மிஷனையும் முடித்துவிட்டு ஐஎஃப்எஃப் எடுக்கப் போங்கள். லீஜியன் என்ற ரோபோ மட்டும் விதிவிலக்கு, அவனே அந்த ரீப்பர் கப்பலில்தான் கிடைக்கிறான். கிடைத்ததும் உடனே உயிர்ப்பித்து, அவனுடைய லாயல்டி மிஷனை அடுத்த வேலையாகச் செய்துவிடுங்கள். இந்த மிஷனுக்குப் பணம் கொடுக்கும் செர்பரஸ் அமைப்பிடம் அவனை விற்றுவிடும் வாய்ப்பும் வரும், வேண்டவே வேண்டாம். மிச்சம் இருக்கும் சில்லறை மிஷன்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சூசைட் மிஷன் முடிந்த பிறகும் கேம் தொடரும், அப்போது செய்துகொள்ளலாம்.

நல்லவனாகவும் கெட்டவனாகவும் மாறி மாறி இருப்பது

பாராகன் (நல்லவன்), ரெனிகேட் (முரடன்) இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதே இரண்டாம் பாகத்தில் பாதுகாப்பு. இதுவரை கிடைத்திருக்கக்கூடிய மொத்தப் புள்ளிகளில் எத்தனை பங்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் கடினமான பதில்களை கேம் திறந்துவிடுகிறது. பாதிப் பாதி வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும். இதன் வலி மிராண்டாவும் ஜாக்கும் சண்டை போடும்போது தெரியும், டாலியும் லீஜியனும் மோதும்போதும் தெரியும். புள்ளிகள் போதாவிட்டால் ஒருவர் பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், மற்றவரின் விசுவாசம் போய்விடும். டாலியின் விசாரணையில் அவளுடைய அப்பா செய்ததற்கான ஆதாரத்தைச் சபையில் வெளியிட்டாலும் அதே கதிதான். உண்மையைச் சொல்வதுதானே சரி என்று தோன்றும். ஆனால் அவள் வேண்டாம் என்று கெஞ்சியிருப்பாள்.

தானாக முன்வருகிறவரை நம்புவது

கலெக்டர்களின் தளத்துக்குள் இறங்கியதும் வேலைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. குழாய்க்குள் புகுந்து கதவைத் திறக்க ஒரு தொழில்நுட்ப ஆள் வேண்டும் என்றதும் ஜேக்கப் நான் போகிறேன் என்பார். தைரியமானவர்தான், ஆனால் அவர் ராணுவ வீரர். அவரை அனுப்பினால் செத்துப்போவார். டாலி, லீஜியன், கசுமி மூவரில் ஒருவர்தான் அங்கே பிழைப்பார்கள், அதுவும் விசுவாசம் இருந்தால். அதோடு அந்த நேரத்தில் இரண்டாவது குழுவை நடத்துகிறவரும் சரியானவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவது குழுத்தலைவர் இல்லை, குழாய்க்குள் இருப்பவர். தலைமைக்கு கேரஸ், மிராண்டா, ஜேக்கப் இந்த மூவரில் ஒருவர். மூவரும் ஏற்கெனவே ஆட்களை நடத்தியவர்கள் என்பது அவர்களோடு பேசியவர்களுக்குத் தெரியும்.

அடுத்து பூச்சிக் கூட்டத்தைத் தடுக்க ஒரு பயோட்டிக் கவசம், அதாவது மனதால் செலுத்தும் ஆற்றலால் எழுப்பும் தடுப்பு, வேண்டும். எந்த பயோட்டிக்காலும் முடியும் என்பாள் மிராண்டா. முடியாது. அவளை நிறுத்தினால் உங்களோடு நடந்து வருகிற ஒருவரைப் பூச்சிகள் இழுத்துக்கொண்டு போகும். தேய்னை நிறுத்தினாலும் அப்படித்தான். அந்தச் சக்தி இருப்பது ஜாக்குக்கும் சமாராவுக்கும். சமாராவைக் கைவிட்டு மோரிந்தைச் சேர்த்திருந்தால் அவளுக்கும் உண்டு. மீட்ட ஊழியர்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போகவும் விசுவாசமான ஒருவரை அனுப்புங்கள். யாரையும் அனுப்பாவிட்டால் அவர்கள் யாரும் திரும்ப மாட்டார்கள்.

பலசாலிகளைக் கூடவே கூட்டிப்போவது

என் மோர்டினைக் கொன்றது இதுதான். பின்னால் நின்று வாசலைக் காக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கேம் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது, திரையில் காட்டாது. விசுவாசமாக இருந்தால் கிரண்ட், ஸயீத், கேரஸ் மூவருக்கும் 4. மோர்டின், டாலி, ஜாக், கசுமி நால்வருக்கும் 1. மற்றவர்களுக்கு 2. விசுவாசம் இல்லாதவருக்கு ஒன்று குறையும். ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போது சராசரி 2-க்குக் குறையாமல் இருந்தால் எல்லோரும் பிழைப்பார்கள். குறைந்தால் பலவீனமானவரிலிருந்து சாவு தொடங்கும். முதல் பெயர் மோர்டின், அடுத்தது டாலி.

பன்னிரண்டு பேரும் விசுவாசமாக இருந்து, மோர்டினை ஊழியர்களோடு அனுப்பிவிட்டு, கேரஸையும் கிரண்டையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போனதாக வைத்துக்கொள்வோம். வாசலில் ஒன்பது பேர், மொத்தம் 17. சராசரி இரண்டுக்குக் கீழே, டாலி போய்விடுவாள். அதே ஆட்களில் டாலியையும் ஜாக்கையும் கூட்டிப்போனால் வாசலில் மொத்தம் 23, யாரும் சாக மாட்டார்கள். ஊழியர்களோடு திரும்பிப் போக மோர்டினைவிடப் பொருத்தமானவர் கிடையாது. இறுதிச் சண்டைக்கு உங்களோடு வருகிறவர்கள் விசுவாசமானவர்களாக இருந்தாலே போதும், பலம் தேவையில்லை. கிளம்பும் முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு பேராவது மிஞ்சாவிட்டால் ஷெப்பர்டே செத்துவிடுவார், அந்த சேவ் ஃபைலை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோக முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாச் சாவையும் தடுக்க முயலாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். விர்மயரில் கெய்டன், ஆஷ்லி இருவரில் ஒருவர் போயே ஆக வேண்டும். பழைய சேவ் ஃபைலைத் திறந்து திறந்து வழி தேடாதீர்கள், அங்கே வழி வைக்கப்படவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த முடிவோடு மேலே போங்கள்.

என் மோர்டின் செத்த சேவோடுதான் மூன்றாம் பாகத்தை முதலில் ஆடினேன். ஜெனோஃபேஜ் மருந்தைத் தயாரிக்க அவர் இடத்தில் பாடோக் விக்ஸ் என்ற இன்னொரு சலாரியன் விஞ்ஞானி இருந்தார். நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நோயை மேம்படுத்தி நிலைக்கச் செய்ததில் மோர்டினுக்குப் பங்கு உண்டு. ஒமேகாவின் சேரியில் அவர் மருத்துவமனை நடத்தியதையும், தன் மாணவன் மேலனின் ஆய்வுக்கூடத்தில் பிணங்களுக்கு நடுவே நின்று அவர் தடுமாறியதையும் நான் பார்த்திருந்தேன். இரண்டாவது தடவை அவரைக் கப்பலுக்குத் திருப்பி அனுப்பினேன், மேலனின் ஆய்வுக் குறிப்புகளையும் அழிக்காமல் வைத்தேன். துசாங்கா கிரகத்தில் அந்த மருந்தைப் பரப்பக் கோபுரத்தில் ஏறியது அவர்தான்.