மொரிஷியஸ் எப்படி தனி நாடாச்சு: ரூபா நோட்டை வச்சு படிக்கிற வழி

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற மொரிஷியஸ் தீவோட சுதந்திர கதையை படிக்கணும்னு உக்காந்தா மொத அரை மணி நேரத்துலயே தலை சுத்த ஆரம்பிச்சிடும். டச்சுக்காரன் வந்தான் போனான், பிரெஞ்சுக்காரன் வந்தான், அப்புறம் இங்கிலீஷ்காரன், நடுவுல டோடோ பறவை வேற. நானும் 1598ல இருந்து வரிசையா நோட்ஸ் எடுத்து, 1810 வர்றதுக்குள்ள டயர்டாகி மூடி வச்ச ஆள்தான். அப்புறம்தான் புரிஞ்சுது, இதை பின்னாடி இருந்து படிக்கணும், அதுவும் அந்த ஊர் ரூபா நோட்டுல இருந்து. (மொரிட்டானியான்னு தேடிட்டு ஏன் ஒண்ணும் கிடைக்கலன்னு முழிக்காதீங்க, அது ஆப்பிரிக்காவுல பாலைவனப் பக்கம் இருக்கிற வேற நாடு.)

மொதல்ல மொரிஷியஸ் நோட்டு படங்களை எடுத்து ஒரு பக்கம் வச்சுக்கோங்க. 2000 ரூபா நோட்டுல சிவசாகர் ராம்கூலம், மொத பிரதமர். 500ல சுக்தேவ் பிசுன்தயாள், 200ல அப்துல் ரசாக் முகமது, 100ல நம்ம ஆளு ரெங்கநாதன் சீனிவாசன், 1958லயே போய் சேந்துட்டாரு, சுதந்திரத்தை பாக்கல. 25ல சீன சமூகத்து தலைவர் ஆ-ச்சுவென். இதுல 1000 ரூபா நோட்டுல இருக்கிற கேத்தான் துவால் படத்துக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டு வைங்க. ஏன்னா இவரு சுதந்திரம் வேணாம்னு சொல்லி தேர்தல்ல நின்ன ஆளு. எதுத்தவரை கொண்டு போய் நோட்டுலயே போட்டிருக்காங்கன்னா அங்க என்ன நடந்திருக்கும்னு ஒரு கேள்வி வருதுல்ல, அந்த கேள்விதான் உங்களுக்கு கயிறு, அதை புடிச்சுக்கிட்டே போகணும்.

நோட்டுல தமிழ் எழுத்து இருக்கிறதையும் பாத்துடுங்க. 1998ல புது நோட்டு அடிச்சப்போ தமிழை இந்திக்கு கீழ தள்ளிட்டாங்கன்னு அங்க இருக்கிற தமிழ் ஆளுங்க போராட்டம் பண்ணி, கடைசில அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. எல்லா சமூகமும் தன் இடம் எதுன்னு கணக்கு பாத்துக்கிட்டே இருக்கிற ஊர் அதுன்னு புரிஞ்சா பாதி வரலாறு புரிஞ்ச மாதிரி.

அடுத்து டச்சு, பிரெஞ்சு காலத்தை பத்தே நிமிஷத்துல தாண்டிடுங்க. ஒரே ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கோங்க, 1810ல பிரிட்டிஷ்காரன் தீவை புடிச்சப்போ பிரெஞ்சுக்காரங்களோட மொழி, சட்டம், சொத்து எதையும் தொடமாட்டோம்னு ஒத்துக்கிட்டான். அதனால ஆட்சி பண்ணது ஒருத்தன், கரும்புத் தோட்டம் வச்சிருந்தது இன்னொருத்தன். இது மண்டையில ஏறலன்னா பின்னாடி கூலிக்காரங்க ஏன் லண்டனை விட முதலாளிங்க மேல கோவமா இருந்தாங்கன்னு புரியாது.

1835ல அடிமை முறை ஒழிஞ்சுது. தோட்டத்துக்கு ஆள் வேணுமே, 1834ல இருந்தே இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலியா கொண்டு வர ஆரம்பிச்சிட்டாங்க, கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்னு மூணு துறைமுகத்துல இருந்தும், 20ஆம் நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் நாலரை லட்சத்துக்கு மேல ஆளுங்க. அவங்க இறங்கின இடம்தான் போர்ட் லூயிஸ்ல இருக்கிற ஆப்ரவாசி காட், இப்போ யுனெஸ்கோ பாரம்பரிய இடம்.

இப்போ ஒரு பேப்பர் எடுத்து "யாருக்கு ஓட்டு?"ன்னு மேல எழுதுங்க, ஏன்னா இந்த கதை முழுக்க அதுதான், மத்ததெல்லாம் கிளைக்கதை. 1886 அரசியல் சட்டத்துல சொத்து இருக்கிறவனுக்குதான் ஓட்டு, கரும்பு வெட்டுறவனுக்கு ஒண்ணும் இல்ல. 1936ல டாக்டர் மொரீஸ் க்யூரே தொழிலாளர் கட்சி ஆரம்பிக்கிறாரு, அடுத்த வருஷமே தோட்டங்கள்ல கலவரம். 1943 செப்டம்பர்ல பெல் வியூ ஹரேல் தோட்டத்துல போலீஸ் சுட்டதுல செத்தவங்கள்ல ஒருத்தங்க அஞ்சலை குப்பன், அப்போ கர்ப்பமா இருந்தாங்க. இங்கிலீஷ்ல அஞ்சலே கூப்பன்னு படிச்சிட்டு தாண்டிப் போயிடாதீங்க, நம்ம ஊர் அஞ்சலைதான் அது, அங்க ஒரு ஸ்டேடியத்துக்கே அவங்க பேரு வச்சிருக்காங்க.

அப்புறம் 1947ல சட்டம் மாறுது, தீவுல பேசுற ஏதாவது ஒரு மொழியில சின்ன வாக்கியம் எழுதப் படிக்க தெரிஞ்சா ஓட்டு உண்டு. இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி நிதானமா படிங்க, எனக்கு மொத்த கதையிலயும் ரொம்ப புடிச்சது இதுதான். 500 ரூபா நோட்டுக்காரரோட அண்ணன் பாஸ்தேவ் பிசுன்தயாளும் அவரு கூட இருந்தவங்களும் ஊர் ஊரா போய், பகல் முழுக்க வயல்ல வேலை பாத்துட்டு வந்தவங்களை உக்கார வச்சு எழுத்து சொல்லிக் கொடுத்தாங்க, ஓட்டுக்காகவே படிப்பு. சுமார் 12,000 பேரா இருந்த வாக்காளர் பட்டியல் 1948 தேர்தல்ல 70,000ஐ தாண்டிடுச்சு. ஆனா ஜெயிச்சு வந்தது 19 பேர்னா பிரிட்டிஷ் கவர்னர் தன் பங்குக்கு 12 பேரை நியமிச்சு பழைய ஆளுங்க கையிலயே பிடியை வச்சுக்கிட்டாரு. வயசுக்கு வந்த எல்லாருக்கும் ஓட்டுன்னு வந்தது 1959லதான்.

இனி வட்டம் போட்ட துவால்கிட்ட வரலாம். எல்லாருக்கும் ஓட்டுன்னா தலை எண்ணிக்கைதான் முக்கியம், தீவுல மூணுல ரெண்டு பங்கு இந்திய வம்சாவளி, அதுல பெரும்பாலும் இந்துக்கள். அப்போ கிரியோல் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளி) மக்களுக்கும் மத்த சின்ன சமூகங்களுக்கும் பயம் வராம இருக்குமா? பிரிட்டன் கூடவே ஒட்டி இருந்துடலாம்னு துவால் சொன்னதுக்கு அந்த பயம்தான் பின்னணி, அவரை வில்லனா போட்டு நோட்ஸ் எழுதினீங்கன்னா கதையே தப்பாயிடும். 1967 ஆகஸ்ட் 7 தேர்தல்ல ராம்கூலம் கூட்டணிக்கு 39 சீட், துவால் கட்சிக்கு 23. ஓட்டுல பாத்தா துவால் கட்சிக்கு சுமார் 44 சதவீதம். அதாவது நூத்துல நாப்பத்தி நாலு பேரு சுதந்திரத்துக்கு எதிரா நின்ன கட்சிக்கு ஓட்டு போட்டிருக்காங்க! சுதந்திரம்னாலே நாடே ஒண்ணா நின்னு வாங்கினதுன்னு பழகின நமக்கு இது கொஞ்சம் ஜீரணிக்க கஷ்டமாதான் இருக்கும். தோத்தவங்கள்ல இருந்து 8 பேரை சமூக கணக்குப்படி உள்ள எடுக்கிற 'பெஸ்ட் லூசர்' முறை வந்ததும் இந்த பயத்தை தணிக்கத்தான், அதையும் சேத்தா 43க்கு 27.

1968 ஜனவரியில போர்ட் லூயிஸ்ல கலவரம், பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்குது. கொடி ஏத்த வர வேண்டிய பிரிட்டன் இளவரசி அலெக்சாண்ட்ரா வரவே இல்ல. மார்ச் 12 அன்னைக்கு ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துல சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை கொடி ஏறுச்சு. தேதி ஏன் மார்ச் 12ன்னு கேட்டா, காந்தி தண்டி யாத்திரை கிளம்பின நாள் அது.

ஒரு விஷயத்தை தனி பக்கத்துல எழுதுங்க, மேல சொன்னதோட கலந்தா குழம்பிடும். 1965ல லண்டன் லான்காஸ்டர் ஹவுஸ்ல சுதந்திர பேச்சுவார்த்தை நடக்கும்போதே மொரிஷியஸோட சேந்திருந்த சாகோஸ் தீவுகளை தனியா பிரிச்சு வச்சுக்கிட்டான் பிரிட்டிஷ்காரன், அதுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்தான். அதுல பெரிய தீவான டியேகோ கார்சியாவுல அமெரிக்க ராணுவ தளம் வந்துச்சு, அங்க இருந்த ஜனங்களை 1973க்குள்ள மொத்தமா வெளியேத்திட்டாங்க. அந்த பிரிவினை சட்டப்படி செல்லாதுன்னு 2019ல சர்வதேச நீதிமன்றம் கருத்து சொல்லுச்சு, 2025 மே மாசம் சாகோஸை மொரிஷியஸுக்கு திருப்பிக் கொடுக்கிற ஒப்பந்தத்துல பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்து போட்டாங்க. யோசிச்சு பாருங்க, 1965 கணக்கு 2025 வரைக்கும் இழுத்திருக்கு.

கடைசியா தேதி குழப்பம். சுதந்திரம் 1968, குடியரசு 1992, ரெண்டுமே மார்ச் 12தான், அதனாலதான் நிறைய பேரு மாத்தி எழுதுறாங்க. நடுவுல அந்த 24 வருஷமும் நாட்டுத் தலைவி பிரிட்டன் ராணிதான். ராணியோட பிரதிநிதியா கடைசி கவர்னர் ஜெனரலா இருந்த வீராசாமி ரிங்காடு, தமிழ் வம்சாவளி, அவரேதான் மொத ஜனாதிபதியும் ஆனாரு. இன்னமும் கடைசி அப்பீல் மட்டும் லண்டன்ல இருக்கிற பிரிவி கவுன்சில்ங்கிற நீதிக்குழுவுக்குதான் போகுது, அதையும் ஒரு ஓரத்துல எழுதி வச்சுக்கோங்க.