கேமரா இல்லாமல் நீல நிறப் படம்: வீட்டிலேயே சயனோடைப்

லென்ஸ் வேண்டாம், பிலிம் வேண்டாம். ரசாயனம் பூசிய தாளின்மேல் பொருளை வைத்து வெயிலில் காட்டினால் அதன் நிழலே படமாகிவிடும். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறை இது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவுசெய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார்.

முதலில் கரைசல். 100 மி.லி. தண்ணீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் என்ற இரும்பு உப்பைக் கரையுங்கள். வேறொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிப் பழுப்பு பாட்டில்களில் வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் சம அளவில் கலந்தால் போதும். கையுறை கட்டாயம். சமையல் பாத்திரங்களைத் தொடவே வேண்டாம். ஃபெரிசயனைடு அமிலத்தோடு சேரக் கூடாது, நெருப்பின் பக்கமும் போகக் கூடாது.

வெயில் எட்டாத அறையில் மங்கலான மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டு, தடித்த வாட்டர்கலர் தாளில் கலவையை மெல்லிசாகப் பூசுங்கள். இருட்டில் நன்றாகக் காயட்டும். ஈரம் இருந்தால் படம் கறையாகும்.

அப்புறம் என்ன வைப்பது? சாவி, கத்தரிக்கோல் என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். வெறும் வெள்ளை உருவம்தான் கிடைக்கும். எனக்கு அது சலிப்பு. ஒளியைப் பாதி விட்டுப் பாதி தடுக்கும் பொருளைத் தேடுங்கள்: மெல்லிய இதழ், இறகு, லேஸ் துணி, கண்ணாடிக் குப்பி. இலையாக இருந்தால் புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். மேலே கண்ணாடியை அழுத்தி வைத்தால் கோடுகள் கூர்மையாக விழும். வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைத்தால் விளிம்பு மங்கும். அதுவும் அழகுதான்.

நல்ல உச்சி வெயிலில் சுமார் 5 முதல் 15 நிமிடம். மேகம் இருந்தால் இன்னும் கூடும். கடிகாரத்தைவிட நிறத்தை நம்புங்கள். மஞ்சள்பச்சை நீலமாக மாறியதும் எடுத்துவிடாதீர்கள். வெயில் பட்ட இடம் சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்கு வரட்டும். கழுவும்போது நிறம் நிறையப் போய்விடும் என்பதால் இந்தப் பொறுமை தேவை. புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில்தான் இரும்பு உப்பு மாறி, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலம் என்ற நிறமி உருவாகிறது. மற்ற இடத்தில் இருப்பது கரைந்து ஓடிவிடும்.

சரி, இனி கழுவலாம். மஞ்சள் முழுக்கப் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். கடைசித் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நீலம் உடனே அடர்ந்துவிடும்; விடாவிட்டாலும் ஒரு நாளில் தானே அடரும். சோப்பும் சலவை சோடாவும் நீலத்தை அழித்துவிடும், அவை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.